தோட்டத்து வால்வும் வீட்டு ஹப்பும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

தோட்டத்துக்கு நீர் பாய்ச்சும் ஸ்மார்ட் வால்வுகள், ஈரப்பத சென்சார்கள், பாசனக் கன்ட்ரோலர்கள் ஆகியவற்றை வீட்டுத் தானியங்கி அமைப்போடு இணைப்பது பற்றி வாசகர்கள் எழுதிய கடிதங்களில், பலருக்கும் பயன்படக்கூடியவற்றை இந்த இதழில் எடுத்துக்கொண்டிருக்கிறோம். ஒரே செய்தியைப் பலர் கேட்டிருந்த இடங்களில் கேள்விகளைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறோம்.

கேள்வி: என் பாசனக் கருவிக்கு அதைத் தயாரித்த நிறுவனமே ஒரு செயலியைக் கொடுத்திருக்கிறது. நேரம் குறித்துவிட்டால் தானாகத் திறந்து, தானாக மூடுகிறது. இதற்கு மேல் வீட்டுத் தானியங்கி அமைப்போடு இணைப்பதால் என்ன நன்மை?

பதில்: பெரும்பாலான செயலிகளுக்குத் தெரிந்தது கடிகாரம், கொஞ்சம் முன்னேறியவற்றுக்கு வானிலை முன்னறிவிப்பும் தெரியும். ஆனால் மேல்நிலைத் தொட்டியில் தண்ணீர் அடிமட்டத்துக்கு இறங்கிவிட்டதா, மோட்டார் ஓடுகிறதா, நேற்று இரவு உங்கள் தோட்டத்தில் உண்மையாகவே மழை விழுந்ததா, இப்போது செடிகளுக்கு நடுவே யாராவது வேலை செய்துகொண்டிருக்கிறார்களா என்பதெல்லாம் அவற்றுக்கு எட்டாத செய்திகள். இந்தச் செய்திகள் வீட்டில் வேறு வேறு கருவிகளிடம் சிதறிக் கிடக்கின்றன. அவற்றை ஓரிடத்தில் திரட்டி, ஒன்றையொன்று ஒப்பிட்டு முடிவெடுக்கத்தான் ஹோம் அசிஸ்டன்ட், ஓப்பன்ஹாப் போன்ற வீட்டுத் தானியங்கி மென்பொருள்கள் உதவுகின்றன. அவை ஓடும் கணினியைத்தான் ஹப் என்கிறோம். தொட்டியில் கால் பங்குக்குக் கீழே தண்ணீர் இருந்தால் புல்தரைக்கு விடாதே, காய்கறிப் பாத்திக்கு மட்டும் விடு என்ற முடிவை எந்தத் தனிச் செயலியாலும் எடுக்க முடியாது. அதே சமயம், நான்கைந்து தொட்டிச் செடிகளும் ஒரே ஒரு குழாயும்தான் உங்கள் தோட்டம் என்றால், இப்போது இருக்கும் ஏற்பாடே போதும். இணைப்பதற்காக இணைப்பது வீண் வேலை.

கேள்வி: இனிமேல்தான் கருவி வாங்கப் போகிறேன். வை-ஃபை, ஜிக்பீ, மேட்டர் என்று ஆளுக்கொன்றாகச் சொல்கிறார்கள். எதைப் பார்த்து வாங்குவது?

பதில்: வை-ஃபையும் ஜிக்பீயும் கருவிகள் பேசிக்கொள்ளும் ரேடியோ வகைகள்; மேட்டர் என்பது வெவ்வேறு நிறுவனக் கருவிகள் ஒன்றோடொன்று பேசுவதற்கான பொதுத் தரநிலை. எந்த வகை ரேடியோ என்பது இரண்டாவது கேள்வி. முதலில் கேட்க வேண்டியது, இணைய இணைப்பு இல்லாத நேரத்திலும் இந்தக் கருவி வீட்டு ஹப்பின் சொல்லைக் கேட்குமா என்பதுதான். சில கருவிகளுக்கு நீங்கள் அனுப்பும் கட்டளை வீட்டைவிட்டு வெளியேறி, தயாரிப்பாளரின் கிளவுட் சர்வர்வரை போய், அங்கிருந்து உங்கள் தோட்டத்துக்குத் திரும்பி வருகிறது. ரேச்சியோ, ஹைட்ராவைஸ் கன்ட்ரோலர்கள் ஹோம் அசிஸ்டன்டோடு இணைவது இந்த வழியில்தான். ரெயின் பேர்டின் வை-ஃபை வசதியுள்ள கன்ட்ரோலர்களோடு ஹோம் அசிஸ்டன்ட் வீட்டு நெட்வொர்க்குக்குள்ளேயே பேசிக்கொள்கிறது. ஓப்பன்ஸ்பிரிங்க்ளர் என்ற திறமூலக் கன்ட்ரோலரும் வீட்டுக்குள்ளேயே கட்டளைகளை ஏற்றுக்கொள்ளும், எம்.க்யூ.டி.டி. என்ற, கருவிகள் சிறு செய்திகளைப் பரிமாறிக்கொள்ளும் நெறிமுறை வழியாகவும் பேசும். கிளவுட் வழியில் வசதி உண்டு, ஆனால் சர்வர் முடங்கினாலோ, நிறுவனம் விதிகளை மாற்றினாலோ, சேவையை நிறுத்தினாலோ உங்கள் ஆட்டோமேஷன்கள் (ஹப்பில் எழுதிவைத்த தானியங்கி விதிகள்) அத்தனையும் ஒரே நாளில் பயனற்றுப் போகும். என்னைக் கேட்டால், தண்ணீர் சம்பந்தப்பட்ட எதையும் வீட்டு நெட்வொர்க்குக்குள் இயங்கும் கருவிகளிடமே ஒப்படைப்பேன்.

ரேடியோவைப் பொறுத்தவரை, மின்சார வசதி உள்ள இடத்தில் சுவரில் மாட்டப்படும் பல வால்வுக் கன்ட்ரோலருக்கு வை-ஃபை பொருந்தும். பெரும்பாலான பாசனக் கருவிகள் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டுமே இயங்குவதால், முதன்முறை இணைக்கும்போது உங்கள் ரவுட்டரில் அந்த அலைவரிசை இயங்குகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இணைப்பு விழவில்லை என்று வரும் புகார்களில் பெரும்பகுதி இதனால்தான். பேட்டரியில் ஓடும் குழாய்முனை வால்வுக்கு ஜிக்பீ நல்லது. மின்செலவு குறைவாக இருப்பதால் ஒரே பேட்டரியில் மாதக்கணக்கில் ஓடும். மேட்டர் தரநிலையின் 1.3 பதிப்பு 2024 மே மாதம் வெளிவந்தபோதுதான் தண்ணீர் வால்வுகளும் மழை சென்சார்களும் அதற்குள் வந்தன. அதில் ஒரு நல்ல ஏற்பாடு இருக்கிறது: வால்வைத் திறக்கும் கட்டளையோடு எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே அனுப்பலாம். அது ஏன் அவ்வளவு முக்கியம் என்பதை அடுத்த பதிலில் விளக்குகிறேன்.

கேள்வி: மாலையில் ஆட்டோமேஷன் என் பேட்டரி வால்வைத் திறந்தது. இடையில் மின்சாரம் போய்விட்டு வந்திருக்கிறது. மறுநாள் காலையில் பார்த்தால் தோட்டம் முழுக்கத் தண்ணீர் தேங்கி நிற்கிறது, தொட்டி காலி. 15 நிமிடத்தில் மூடும்படிதான் எழுதியிருந்தேன். எங்கே தவறு நடந்தது?

பதில்: தாங்கள் எழுதிய விதி தவறானதல்ல, அது இருந்த இடம்தான் தவறு. எப்போது தொடங்குவது என்ற முடிவை ஹப்பிடம் விடலாம். எப்போது நிறுத்துவது என்ற பொறுப்பு மட்டும் வால்வுக்குப் பக்கத்தில் இருக்கும் கருவியிடமே இருக்க வேண்டும். இந்தப் பகுதியில் நான் சொல்லப்போகும் எல்லாவற்றிலும் இதற்குத்தான் முதலிடம் கொடுப்பேன்.

நடந்தது அநேகமாக இதுதான். ஹோம் அசிஸ்டன்டில் ‘திற, 15 நிமிடம் காத்திரு, மூடு’ என்று எழுதப்பட்ட ஆட்டோமேஷன், அது காத்துக்கொண்டிருக்கும் நேரத்தில் ஹப் அணைந்து மீண்டும் இயங்கினால், விட்ட இடத்திலிருந்து தொடராது. ‘மூடு’ என்ற மூன்றாவது வரி செயல்படவே செயல்படாது. உங்கள் வால்வு பேட்டரியில் இயங்குவது என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படிப்பட்டவற்றில் மோட்டார் வைத்த பந்து வால்வு இருக்கும், இல்லாவிட்டால் லாட்சிங் வகை சொலினாய்டு (மின்காந்தத்தால் இயங்கும் அடைப்பு) இருக்கும். லாட்சிங் வகையில் ஒரு திசையில் ஒரு கண நேர மின்துடிப்பு கொடுத்தால் திறக்கும், எதிர்த்திசையில் கொடுத்தால் மூடும். இரண்டுக்கும் இடையில் மின்சாரமே தேவையில்லை. பேட்டரியை மிச்சப்படுத்த இது அருமையான வழி. ஆனால் மூடச் சொல்லும் அந்தத் துடிப்பு வராதவரை வால்வு எத்தனை நாளானாலும் திறந்தே கிடக்கும். 24 வோல்ட் மாறுமின்சாரத்தில் இயங்கும் வழக்கமான பாசனச் சொலினாய்டு இதற்கு நேர்மாறானது: மின்சாரம் இருக்கும்வரைதான் திறந்திருக்கும், நின்றால் ஸ்பிரிங் தள்ளி மூடிக்கொள்ளும். பாதுகாப்பை மட்டும் வைத்துப் பார்த்தால் இந்த 24 வோல்ட் வகையே மேல்.

இருக்கும் வால்வை வைத்துக்கொண்டே இதைச் சரிசெய்யலாம். பல ஜிக்பீ வால்வுகளில் ‘இத்தனை நிமிடம் திறந்திரு’ என்ற கவுன்ட்டவுன் அமைப்பு உண்டு. ஆட்டோமேஷனில் வெறுமனே ‘திற’ என்று அனுப்பாமல், அந்தக் கால அளவையும் சேர்த்து அனுப்புங்கள். அப்போது ஹப் அணைந்தாலும், ரவுட்டர் முடங்கினாலும், வால்வே நேரம் பார்த்து மூடிக்கொள்ளும். நீங்களே ஈ.எஸ்.பி.32 என்ற வை-ஃபை சிப்பை வைத்துக் கருவி செய்திருந்தால், அதிகபட்சத் திறப்பு நேரத்தை அந்தச் சிப்பின் நிரலிலேயே எழுதுங்கள், அத்தகைய சிப்களுக்கு நிரல் எழுத உதவும் ஈ.எஸ்.பி.ஹோமில் பாசனத்துக்கென்றே ஒரு கூறு இருக்கிறது, ஒவ்வொரு வால்வுக்கும் ஓடும் நேரத்தை அதிலேயே குறிக்கலாம். இதற்குப் பிறகு இரண்டாவது அரணாக, ஹப் மீண்டும் இயங்கத் தொடங்கும் ஒவ்வொரு முறையும் எல்லா வால்வுகளையும் மூடும்படி ஓர் ஆட்டோமேஷன் எழுதி வைத்துவிடுங்கள்.

எம்.க்யூ.டி.டி. பயன்படுத்துபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். எண்ணெய்க் குழாய்களைத் தொலைவிலிருந்து கண்காணிப்பதற்காக 1999 இல் உருவாக்கப்பட்ட நெறிமுறை அது. தொடர்பு அடிக்கடி அறுந்துபோகும் சூழலை எதிர்பார்த்தே வடிவமைக்கப்பட்டது. அதில் ஒரு செய்தியை ‘ரீடெய்ன்’ குறியோடு அனுப்பினால், செய்திகளை வாங்கி விநியோகிக்கும் புரோக்கர் என்ற மென்பொருள் அதைச் சேமித்து வைத்து, கருவி மறுபடி இணைந்து அந்தத் தலைப்புக்கு (அவ்வகைச் செய்திகளுக்கு வைத்த பெயருக்கு)ப் பதிவு செய்யும்போதெல்லாம் மீண்டும் கொடுக்கும். வால்வின் நிலையைத் தெரிவிக்கும் செய்திக்கு இது சரி. ‘திற’ என்ற கட்டளைக்கு அந்தக் குறியை வைத்துவிட்டால், நள்ளிரவில் வை-ஃபை ஒருமுறை அறுந்து ஒட்டினாலும் வால்வு தானாகத் திறந்துகொள்ளும். கட்டளைகளுக்கு ஒருபோதும் ரீடெய்ன் வேண்டாம்.

இவ்வளவு செய்த பிறகும் குழாயில் வால்வு சிக்கிக்கொள்ளலாம், உள்ளே மணல் அடைத்து மூடாமல் நிற்கலாம். அதைக் கண்டுபிடிக்க ஒரு நீரோட்ட மீட்டர் வேண்டும். எல்லா வால்வுகளும் மூடியிருக்கும்போது நீர் ஓடுகிறது என்றால் உடனே எச்சரிக்கை வர வேண்டும். சோதனை முயற்சிகளில் பலரும் பயன்படுத்தும் ஒய்.எஃப்.-எஸ்201 மீட்டர், லிட்டருக்கு ஏறத்தாழ 450 துடிப்புகளைத் தருவது. ஆனால் அது நிமிடத்துக்கு 1 லிட்டருக்கு மேற்பட்ட ஓட்டத்துக்கே உரியது. மணிக்கு 4 லிட்டர் சொட்டும் பத்துச் சொட்டுவான்களின் மொத்த ஓட்டம் நிமிடத்துக்கு முக்கால் லிட்டர்கூட இல்லை. ஆகவே சிறிய சொட்டுநீர்ப் பாத்திக்குக் குறைந்த ஓட்டத்தையும் அளக்கக்கூடிய மீட்டரைத் தேடி வாங்க வேண்டும்.

கேள்வி: மேல்நிலைத் தொட்டியிலிருந்து வரும் குழாயில் சொலினாய்டு வால்வு பொருத்தினேன். கட்டளை போகிறது, ‘டக்’ என்ற சத்தமும் கேட்கிறது, தண்ணீர் மட்டும் ஒழுங்காக வரவில்லை. வால்வு பழுதா?

பதில்: பழுதாக இருக்க வாய்ப்புக் குறைவு. வழக்கமான பாசன வால்வுகளுக்குள் ஒரு ரப்பர் சவ்வு இருக்கிறது. சொலினாய்டு திறப்பது ஒரு சிறு துவாரத்தை மட்டுமே. சவ்வைத் தூக்கிப் பெரிய வழியைத் திறப்பது தண்ணீரின் அழுத்தம். அதற்குக் குறைந்தபட்ச அழுத்தம் என்று ஒன்று தேவை, அது வால்வின் விவரத்தாளில் குறிக்கப்பட்டிருக்கும். 10 மீட்டர் உயரத்துக்கு ஏறத்தாழ 1 பார் என்பதே கணக்கு. தொட்டியின் நீர்மட்டம் வால்வைவிட 3 மீட்டர் உயரத்தில் இருந்தால் கிடைப்பது 0.3 பார்தான். இந்த அழுத்தத்தில் பல சவ்வு வால்வுகள் முழுதாகத் திறப்பதும் இல்லை, ஒழுங்காக மூடுவதும் இல்லை. உங்கள் ஏற்பாட்டுக்கு மோட்டார் வைத்த பந்து வால்வு பொருந்தும். அதற்கு நீரழுத்தத்தின் தயவு வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: பந்து வால்வு மூடிமுடிக்கச் சில விநாடிகள் எடுக்கும், நடுவில் மின்சாரம் போனால் பாதித் திறப்பில் நின்றுவிடும். மின்சாரம் போகும்போது தானே மூடிக்கொள்ளும் வகையும் உண்டு, அதைக் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: மண் ஈரப்பத சென்சார் 30 சதவீதத்துக்குக் கீழே காட்டினால் திற, 60 ஆனால் மூடு என்று எழுதினேன். சில நாள் வால்வு திறப்பதே இல்லை. சில நாள் சேறாகும்வரை ஓடுகிறது. சென்சாரை நம்பலாமா?

பதில்: சென்சாரை நம்பலாம், ஆனால் அதனிடம் இந்த வேலையைக் கொடுக்கக் கூடாது. தண்ணீர் மண்ணின் மேற்பரப்பில் விழுந்து, வேர் ஆழத்தில் புதைந்திருக்கும் சென்சாரைப் போய்ச் சேர நேரம் பிடிக்கிறது; களிமண்ணில் இது மிகவும் அதிகம். சென்சார் 60 என்று சொல்லும் நேரத்தில், தேவைக்கு மேலான தண்ணீர் மேல்மண்ணில் ஏற்கெனவே நிறைந்திருக்கும். அதனால் வால்வை மூடும் பொறுப்பை ஈரப்பதத்திடம் விடாமல் நேரக் கணக்கிலேயே வைத்துக்கொள்ளுங்கள். குறித்த நேரத்தில் பாசனம் தொடங்கலாமா, இன்று விட்டுவிடலாமா என்பதை மட்டும் சென்சார் சொன்னால் போதும். களிமண் தோட்டத்தில் 20 நிமிடத்தை ஒரே மூச்சில் விடாமல், பத்து நிமிடம் விட்டு, அரை மணி நேரம் ஊறவிட்டு, மறுபடி பத்து நிமிடம் விட்டால் தண்ணீர் வழிந்தோடாமல் உள்ளே இறங்கும்.

சில நாள் திறப்பதே இல்லை என்பதற்கு வேறு காரணம் இருக்கிறது. ஹோம் அசிஸ்டன்டில் எண் அளவை வைத்துத் தூண்டப்படும் ஆட்டோமேஷன், அளவு 30 ஐக் கடந்து கீழே இறங்கும் அந்தத் தருணத்தில் மட்டுமே தூண்டப்படும். அது நடு இரவில் நடந்து, ‘காலையில் மட்டும்’ என்ற நிபந்தனை அதைத் தடுத்திருந்தால், காலையில் அளவு 25 ஆக இருந்தாலும் எதுவும் நடக்காது. ஆகவே நேரத்தைத் தூண்டுதலாகவும் ஈரப்பதத்தை நிபந்தனையாகவும் மாற்றி எழுதுங்கள். சென்சாரின் பேட்டரி தீர்ந்தோ, கம்பி அறுந்தோ அளவு தவறாகப் பூஜ்யம் என்று வந்தால் மண் காய்ந்துவிட்டது என்று ஹப் எண்ணிக்கொள்ளும். அதற்காக ஒரு நாளைக்கு இத்தனை நிமிடத்துக்கு மேல் எந்த வால்வும் ஓடக் கூடாது என்ற உச்சவரம்பைக் கட்டாயம் வையுங்கள்.

சென்சாரின் வகையும் முக்கியம். இரண்டு உலோகக் கம்பிகளுக்கு இடையே மின்தடையை அளக்கும் மலிவான வகை, மண்ணில் சில வாரங்களிலேயே அரித்துப்போகத் தொடங்கும். மின்தேக்கு முறையில் அளப்பவற்றில் உலோகம் மண்ணைத் தொடுவதில்லை என்பதால் அவை நீண்ட நாள் உழைக்கும். எதுவானாலும் அது காட்டும் சதவீதம் உங்கள் மண்ணுக்கு ஏற்ப அளவு திருத்தப்பட்டதல்ல. மண்ணை நன்றாக நனையவிட்டு, உபரி நீர் வடிய ஒரு நாள் விட்டு, அப்போது சென்சார் காட்டும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். செடி இலேசாக வாடத் தொடங்கும்போது காட்டும் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் எல்லைகளை இவ்விரண்டுக்கும் நடுவில் வையுங்கள். சென்சாரைச் சொட்டுவானுக்கு நேர் கீழேயும் வைக்க வேண்டாம், ஈரம் எட்டாத ஓரத்திலும் வைக்க வேண்டாம்.

கேள்வி: வானிலை முன்னறிவிப்பை வைத்துப் பாசன நேரத்தைத் தானாகக் கூட்டிக் குறைக்க முடியுமா? எவ்வளவு தண்ணீர் தேவை என்று எப்படிக் கணக்கிடுவது?

பதில்: முடியும், இந்த இணைப்பின் உண்மையான பயன் இதில்தான் இருக்கிறது என்பேன். மண்ணிலிருந்து ஆவியாவதும் இலைகள் வழியே வெளியேறுவதும் சேர்ந்த நீரிழப்பை ஆவியுயிர்ப்பு என்கிறோம். வெப்பநிலை, ஈரப்பதம், காற்று, வெயில் ஆகியவற்றைக் கொண்டு அதைக் கணக்கிடும் பென்மன்–மான்டீத் முறையை, ஐ.நா. உணவு மற்றும் வேளாண்மை அமைப்பு 1998 இல் வெளியிட்ட 56 ஆம் எண் பாசனக் கையேட்டில் தரப்படுத்தியது. ஹோம் அசிஸ்டன்டுக்கு ஆர்வலர்கள் எழுதியிருக்கும் பாசனக் கூறுகள் சிலவும் இக்கணக்கையே பயன்படுத்துகின்றன.

கணக்கு எளிமையானது. 1 சதுர மீட்டர் பரப்பில் 1 மில்லிமீட்டர் உயரத்துக்கு நின்றால் அது 1 லிட்டர் தண்ணீர். இன்றைய ஆவியுயிர்ப்பு அளவு 5 மி.மீ., உங்கள் செடிக்குரிய பயிர்க் குணகம் (அந்த அளவில் உங்கள் செடி இழக்கும் பங்கு) 0.8 என்று வைத்துக்கொண்டால் இழப்பு 4 மி.மீ. பாத்தி 10 சதுர மீட்டர் என்றால் 40 லிட்டர். அந்தப் பாத்தியில் மணிக்கு 4 லிட்டர் தரும் சொட்டுவான்கள் பத்து இருந்தால் ஒரு மணி நேரம் ஓட வேண்டும். நேற்று 3 மி.மீ. மழை உண்மையாக மண்ணில் இறங்கியிருந்தால் மீதி 1 மி.மீ.க்குக் கால் மணி நேரம் போதும்.

இதில் ‘உண்மையாக இறங்கியிருந்தால்’ என்பதை அழுத்திச் சொல்கிறேன். முன்னறிவிப்பு ஒரு வட்டாரத்துக்கானது. மழை உங்கள் தோட்டத்தில் விழ வேண்டும். நாளை மழை வரும் என்று சொன்னதை நம்பி இன்றைய பாசனத்தைத் தள்ளிப்போடலாம்; ஆனால் கணக்கிலிருந்து கழிப்பதற்குத் தோட்டத்தில் வைத்த மழைமானியின் அளவை மட்டுமே எடுத்துக்கொள்ளுங்கள். ஓரிரு மில்லிமீட்டர் தூறல் இலைகளை நனைத்துவிட்டு ஆவியாகிவிடுவதால் அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். நாற்றங்காலுக்கும் தொட்டிச் செடிக்கும் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது; தொட்டியில் மண் குறைவாக இருப்பதால் நீரைச் சேமித்து வைக்க இடமில்லை, அவற்றுக்குக் குறைவாக, ஆனால் அடிக்கடி விட வேண்டும்.

கேள்வி: தோட்டத்தின் கடைசியில் உள்ள ஜிக்பீ வால்வு அடிக்கடித் தொடர்பை இழக்கிறது. வீட்டுக்குப் பக்கத்தில் வைத்துச் சோதித்தால் நன்றாகவே வேலை செய்கிறது.

பதில்: ஜிக்பீ வலையில் மின்சாரத்தில் நேரடியாக இயங்கும் கருவிகள்தான் செய்தியை அடுத்த கருவிக்குக் கடத்தும். பேட்டரியில் ஓடுபவை கடத்தா. ஆகவே இடையில் இன்னொரு பேட்டரி சென்சார் இருப்பதால் எந்தப் பயனும் இல்லை. வெளிச்சுவரில் மழை படாத இடத்தில் ஒரு ஸ்மார்ட் பிளக் மாட்டினால் சிக்கல் பெரும்பாலும் தீர்ந்துவிடும். மாட்டிய பிறகு வால்வை அது இருக்க வேண்டிய இடத்தில் வைத்தே மறுபடி இணையுங்கள். வீட்டுக்குள் வைத்து இணைத்த வால்வு, தோட்டத்துக்குப் போன பின்னும் பழைய கருவியையே பிடித்துக்கொண்டிருக்கக்கூடும்.

ஹப் பக்கத்திலும் பாருங்கள். ஜிக்பீ டாங்கிளை (ஹப்புக்கு ஜிக்பீ வசதி தரும் சிறு செருகியை) கணினியின் யு.எஸ்.பி. 3.0 துளையில் நேராகச் செருகியிருந்தால், அந்தத் துளையே 2.4 கிகாஹெர்ட்ஸில் இரைச்சலை எழுப்பும். ஒரு மீட்டர் நீட்டிப்புக் கம்பியில் டாங்கிளைத் தள்ளி வைப்பது பல வீடுகளில் அதிசயம் போல் பலன் தருகிறது. வை-ஃபை 1 ஆம் சேனலிலோ 6 ஆம் சேனலிலோ இருந்தால் ஜிக்பீயை 25 ஆம் சேனலுக்கு மாற்றுங்கள். இலைகளும் ஈர மண்ணும் இந்த அலைவரிசையை நன்றாக உறிஞ்சும். கோடையில் கிடைத்த சிக்னல் செடிகள் அடர்ந்த பிறகு கிடைக்காமல் போவது இயல்புதான். வால்வை மண்ணில் புதைந்த பெட்டிக்குள் வைத்திருந்தால் தரைக்கு மேலே கொண்டுவாருங்கள்.

கேள்வி: நானே ஈ.எஸ்.பி. பலகையும் ரிலேயும் (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சும்) வைத்துச் செய்த கன்ட்ரோலரில், மின்சாரம் திரும்பி வரும்போதெல்லாம் ரிலே ஒரு கணம் திறந்து மூடுகிறது.

பதில்: அந்தச் சிப்பில் சில முனைகள், அது எப்படி இயங்கத் தொடங்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பவை, ஈ.எஸ்.பி.8266 இல் 0, 2, 15 ஆம் முனைகள் அத்தகையவை. தொடக்க நொடியில் அவற்றின் நிலை மாறிக்கொண்டிருக்கும். ரிலேயை அவற்றில் இணைக்காமல் 4, 5, 12, 13 போன்ற முனைகளுக்கு மாற்றுங்கள். நீங்கள் வைத்திருப்பது தாழ்நிலையில், அதாவது முனையின் மின்னழுத்தம் இறங்கும்போது, இயங்கும் ரிலே பலகையா என்பதையும் பார்த்து, நிரலில் அதற்கேற்பத் தலைகீழாகக் குறியுங்கள். ஈ.எஸ்.பி.32 க்கு மாறினால், ஈரப்பத சென்சாரை ஏ.டி.சி.2 என்ற இரண்டாவது அளவீட்டுத் தொகுதியின் முனைகளில் இணைக்க வேண்டாம். வை-ஃபை இயங்கும்போது அவற்றால் அளக்க முடியாது. லாட்சிங் வால்வாக இருந்தால் அந்த ஒரு கணத் துடிப்பே அதைத் திறந்துவிடப் போதுமானது என்பதால் இதைத் தள்ளிப்போடாமல் சரிசெய்யுங்கள்.

கேள்வி: கிணற்று மோட்டாரையும் நான்கு வால்வுகளையும் ஒரே ஆட்டோமேஷனில் இயக்க விரும்புகிறேன். எந்த வரிசையில் இயக்குவது?

பதில்: முதலில் வால்வைத் திறந்து, அது திறந்ததாக நிலை திரும்பி வந்த பிறகே மோட்டாரை ஓடவிடுங்கள். முடிக்கும்போது முதலில் மோட்டாரை நிறுத்தி, சில விநாடி கழித்து வால்வை மூடுங்கள். எல்லா வால்வுகளும் மூடியிருக்க மோட்டார் மட்டும் ஓடினால் தண்ணீர் பம்புக்குள்ளேயே சுழன்று சூடாகி அதைப் பாழாக்கும். ஓடும் நீரைச் சட்டென்று மூடினால் குழாய்களில் அதிர்ச்சி அலை எழும்பி இணைப்புகள் தெறிக்கும். ஒரு பாத்தியிலிருந்து அடுத்ததற்கு மாறும்போது, புதிய வால்வு திறந்த பிறகு பழையதை மூடுவதே நல்லது.

சிறிய ரிலே பலகையில் 10 ஆம்பியர் என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து மோட்டாரை நேரடியாக அதில் இணைத்துவிடாதீர்கள். மோட்டார் தொடங்கும் நொடியில் வழக்கமானதைவிடப் பல மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும்; ரிலேயின் முனைகள் உருகி ஒட்டிக்கொண்டால் எந்தக் கட்டளையாலும் மோட்டாரை நிறுத்த முடியாது. ரிலே ஒரு கான்டாக்டரை (அதிக மின்னோட்டத்தைத் தாங்கும் பெரிய சுவிட்சை) இயக்கட்டும், கான்டாக்டர் மோட்டாரை இயக்கட்டும். இந்த வேலையைத் தேர்ந்த எலக்ட்ரீஷியனிடம் கொடுங்கள். நீரில்லாமல் ஓடுவதைத் தடுக்கும் பாதுகாப்பும் மோட்டார் ஸ்டார்ட்டரிலேயே இருக்க வேண்டும். ஹப்பை நம்பி அதை விட்டுவிடக் கூடாது.

கேள்வி: குரல் உதவியாளரிடம் சொல்லி வால்வைத் திறக்கலாமா?

பதில்: திறக்கலாம். ஆனால் வால்வையே நேரடியாகக் குரலுக்குக் கொடுக்காமல், ‘பத்து நிமிடம் பாத்திக்கு விடு’ என்ற கால அளவோடு கூடிய ஸ்கிரிப்டை, அதாவது ஹப்பில் எழுதிவைத்த கட்டளைத் தொகுப்பை, கொடுங்கள். மூடச் சொல்லும் குரலுக்கு எந்தத் தடையும் வைக்க வேண்டாம்.

கேள்வி: இவற்றையெல்லாம் இணையத்தில் இணைத்தால் வெளியாள் யாராவது என் வால்வைத் திறந்துவிட முடியுமா?

பதில்: கதவைத் திறந்து வைத்தால் முடியும். வெளியூரிலிருந்து பார்ப்பதற்காக ரவுட்டரில் போர்ட் (வெளியிலிருந்து உள்ளே வரும் வாயில்) திறந்து ஹப்பை நேரடியாக இணையத்தில் வைப்பதுதான் பலரும் செய்யும் காரியம், அதைச் செய்யாதீர்கள். வி.பி.என். என்ற மறையாக்கப்பட்ட தனி இணைப்பு வழியாகவோ, ஹப்பின் தயாரிப்பாளர்களே தரும் பாதுகாப்பான தொலையணுகல் வழியாகவோ உள்ளே வாருங்கள். எம்.க்யூ.டி.டி. புரோக்கருக்குப் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கட்டாயம் வையுங்கள். அது இல்லாத புரோக்கரில், உங்கள் வை-ஃபையைப் பயன்படுத்தும் எவரும் ‘திற’ என்று எழுதி அனுப்பலாம். பாசனக் கருவிகளைத் தனி நெட்வொர்க்கில் பிரித்து வைப்பது நல்லது. ஆனால் விருந்தினர் வை-ஃபையில் போட்டால் பல ரவுட்டர்கள் அங்குள்ள கருவிகளை வீட்டு நெட்வொர்க்கிலிருந்து முற்றிலும் தடுத்துவிடும், ஹப்பாலும் வால்வைப் பார்க்க முடியாது. வி-லேன் (ஒரே நெட்வொர்க்கைத் தனித்தனிப் பகுதிகளாகப் பிரிக்கும்) வசதியுள்ள ரவுட்டராக இருந்தால், ஹப்பிலிருந்து கருவிகளுக்குப் போகும் வழியைத் திறந்து, கருவிகளிலிருந்து வீட்டுக் கணினிகளுக்கு வரும் வழியை அடைத்துவிடுங்கள். எம்.க்யூ.டி.டி. கருவிகள் தாமே புரோக்கரைத் தேடி வருபவை என்பதால் அந்த ஒரு போர்ட்டை மட்டும் அவற்றுக்கு விட்டுவைக்க வேண்டும்.